வெந்நீர் காணாத இலை

எங்கள் அலுவலகத்துக்குள் உயிருள்ள எதுவும் வரக்கூடாது என்பது விதி. மனிதர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு, அதுவும் பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை. காய்ந்த செடிகளைத் தடித்த தாளில் ஒட்டி, பறித்த இடம், தேதி, பறித்தவர் பெயர் எல்லாம் எழுதி இரும்பு அலமாரிகளில் அடுக்கிவைக்கும் இடம் அது. பெயர்ச்சீட்டுகளைத் தட்டச்சு செய்வது என் வேலை. எதிர் மேசையில் உட்கார்ந்து செடிகளை ஒட்டுபவர் பசையக்கா.

அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. இருபத்தாறு வருஷம் பசைக்கிண்ணத்தோடு குடித்தனம் நடத்தியதில், சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது மிஞ்சவில்லை. படிப்பு பத்தாவதோடு சரி. ஆனால் ஒரு செடியைக் கையில் எடுத்தாரென்றால், அது எதை நம்பிப் பிழைத்தது என்று சொல்லிவிடுவார். "இது முள்ளை நம்பி இருந்துச்சு, இலையெல்லாம் பேருக்குத்தான்" என்பார். "இதுக்கு எல்லாச் சொத்தும் மண்ணுக்குள்ள. மேல மாடு மேஞ்சுட்டுப் போனாலும் கிழங்கு காப்பாத்திடும்." "இந்த விதைக்குக் கொக்கி இருக்கு பாருங்க, யார் கால்சட்டையையாவது பிடிச்சுக்கிட்டே ஊர் தாண்டிடும்." துறைத் தலைவர் மூன்று பக்கத்துக்கு எழுதுவதை அக்கா மூன்று வார்த்தையில் முடித்துவிடுவார். இதைத் தலைவர் காதுபடவே சொல்லியிருக்கிறேன். என் பதவி உயர்வு இன்னும் வந்தபாடில்லை.

அக்காவுக்கு ஆகாத ஒரே ஜாதி சதைச்செடி. மற்ற செடிகளைச் செய்தித்தாளுக்குள் வைத்து, இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே வாரால் இறுக்கிக் கட்டினால் பத்து நாளில் அப்பளமாகக் காய்ந்துவிடும். சதைச்செடி காயாது. இலைக்குள் தண்ணீரைச் சேர்த்துவைத்து, மெழுகு பூசின மாதிரி மேல்தோலால் மூடிக்கொண்டிருக்கும். அதிலும் ரணகள்ளி பொல்லாதது. வேர் வேண்டாம், மண் வேண்டாம், தனி இலையே போதும். அதன் ஓரத்து மடிப்புகளிலிருந்து குட்டிச்செடிகள் கிளம்பிவிடும். அதனால் சதைச்செடியைப் பறித்தவர், அங்கேயே கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிஷம் முக்கிக் கொன்றுவிட்டுத்தான் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் அது அழுகி, பக்கத்தில் இருக்கும் தாள்களையும் பாழாக்கும்.

அப்படிப் பறித்துக்கொண்டு வருபவர் அக்காவின் தம்பி. அக்காதான் தலைவரிடம் சொல்லி வேலைக்குச் சேர்த்துவிட்டார். நெடுநெடுவென்று வளர்ந்த, எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனிதர். எந்தச் செடி எந்தப் பாறை இடுக்கில் இருந்தது என்பது வரை நினைவிருக்கும், வெந்நீர் மட்டும் மறந்துபோகும். ஒருமுறை அவர் முக்காமல் கட்டிய ஒரு சதைச்செடியால் நான்கு தாள்கள் அழுகின. அக்கா சிவப்பு மையில் ஒரு சீட்டு எழுதி அவர் மேசையில் குத்திவைத்தார். 'சதைச்செடியைப் பறித்த அன்றே கொதிநீரில் முக்கவும். முக்காமல் இனி என் மேசைக்கு வந்தால் குப்பைக்குப் போகும்.' தம்பி அதைப் படித்துவிட்டு, "உத்தரவு மகாராணி" என்று இடுப்பு வரை வளைந்து கும்பிட்டார். எல்லோரும் சிரித்தோம், நானும்தான்.

அடுத்த பயணத்தில் அவர் இறந்துபோனார்.

ஜீப் ஓட்டுநரும் அவரும் மட்டும் மலைக்குப் போயிருந்தார்கள். மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் ஆற்றுப் பக்கம் இறங்கியவர் திரும்பவில்லை. இரண்டு நாள் கழித்து ஆற்றின் வளைவில் கிடைத்தார். எதற்கு இறங்கினார் என்பதுதான் யாருக்கும் புரியவில்லை. சாப்பாடு முடிந்திருந்தது, குடிக்கக் கேன் நிறையத் தண்ணீர் இருந்தது. நீச்சல் தெரியாதவர், குளத்துப் படிக்கட்டில்கூட நிற்க மாட்டார்.

அவர் மனைவிக்கு மட்டும் அது புரிந்திருந்தது. பயணம் கிளம்பிய காலையில் இருவருக்கும் வாய்ச்சண்டை. ஒழுகுகிற கூரையைச் சரிசெய்து தருகிறேன் என்று நாலு மாதமாகச் சொல்லி, அன்றும் செய்யாமல் கிளம்பியிருக்கிறார். "போற எடத்துலயே இருந்துக்கோங்க, திரும்பி வரவேண்டாம்" என்று அவள் சொல்லியிருக்கிறாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். தம்பி போன பிறகு அவள் கையில் கண்ணாடிகள் உடைய ஆரம்பித்தன. சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. "கண்ணை மூடினா அவர் கால் தண்ணிக்குள்ள எறங்குது அண்ணி. யாரும் தள்ளல. அவராத்தான் எறங்குறாரு" என்றாளாம். அக்கா தினமும் சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வருவார். "இப்படியே விட்டா இவளும் அவன் பின்னாலயே போயிடுவா" என்று மறுநாள் என்னிடம் சொல்வார். அவள் தேய்ந்துகொண்டே போனதை நானும் பார்த்தேன்.

தம்பியின் கடைசிக் கட்டு அலுவலகத்துச் சாமான் அறையில் கிடந்தது. பிரிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. இரண்டாவது மாதத்தில் அந்த அறையில் ஒரு வாசனை கிளம்பியது. காய்ந்த தாளும் பூச்சி மருந்தும் மட்டுமே மணக்கிற இடத்தில், அப்போதுதான் கிள்ளின பச்சை இலையின் வாசனை. அலமாரி துடைக்கிற ஊழியர் உள்ளே போக மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஒரு நாள் மத்தியானம் மூன்று மணிக்குக் காகிதக் கட்டு எடுக்கப் போனபோது, யாரோ என்னைப் பார்த்ததும் மூச்சை அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. காகிதம் எடுக்காமலே வந்துவிட்டேன். எலியாக இருக்கும் என்றேன்.

"எலி இல்ல, தம்பி வந்துட்டுப் போறான்" என்றார் அக்கா, பசையைக் கலக்கியபடியே. அன்றிலிருந்து சாயங்காலம் கிளம்பும்போது அந்த அறையில் விளக்கை எரியவிட்டுப் போவார். ஆளில்லாமல் மின்விசிறி ஓடினாலே சத்தம் போடுகிற நான், அந்த விளக்கை ஒரு நாளும் அணைக்கவில்லை.

மூன்றாவது மாதம் பூச்சி மருந்து அடிக்கிற வாரம் வந்தது. எல்லாக் கட்டையும் பிரித்தாக வேண்டும். ஒரு காலை பதினோரு மணிக்கு அக்கா அந்தக் கட்டைத் தன் மேசைக்கே கொண்டுவரச் சொன்னார். வாரை அவரே அவிழ்த்தார். மேலே எல்லாம் ஒழுங்காகக் காய்ந்திருந்தன. ஒரு பெரணி, ஒரு புல், எதையோ பிடிக்கப் போய்ச் சுருண்டபடியே காய்ந்த பற்றுக்கம்பியோடு ஒரு கொடி. கடைசித் தாள் மட்டும் பிரிய மறுத்தது, கையில் ஈரம் பட்டது.

உள்ளே, தண்டு மடங்கிய ரணகள்ளி. தாய் இலை சுருங்கி மஞ்சளாகித் தோலாய்க் கிடந்தது. அதன் ஓரம் முழுக்கப் பதினோரு குட்டிகள். வெளிச்சமே காணாமல் வெளுத்துப்போய், ஆளுக்கு இரண்டு இலையோடு, நூல் மாதிரி வேர்களைச் செய்தித்தாளுக்குள் இறக்கியிருந்தன. இலை தான் வைத்திருந்த தண்ணீரையெல்லாம் அவற்றுக்குக் கொடுத்திருந்தது. வாசனையின் காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் என் பயம் போகவில்லை, அதிகம்தான் ஆனது.

"முக்கல" என்றார் அக்கா. தண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது அவன் கட்டினதும் இல்ல. தண்டை இப்படி மடக்க மாட்டான்" என்றார்.

கட்டின் அடியில் தம்பியின் குறிப்பேடு இருந்தது. கடைசிப் பதிவு அந்த மூன்றாம் நாள் தேதி, ரணகள்ளி. முன் அட்டையின் உள்பக்கத்தில் அந்தச் சிவப்பு மைச் சீட்டு, நான்கு ஓரமும் பிசிறில்லாமல் ஒட்டியிருந்தது.

அக்கா ஓட்டுநரை வரச் சொன்னார். அவர் வாசலிலேயே நின்றார்.

"இந்தச் செடியை யாருப்பா கட்டினது?"

"நான்தாங்க்கா. அவர் கிடைச்ச அன்னிக்கு சாமானெல்லாம் வாரினப்போ அடுப்பு பக்கத்துல கிடந்துச்சு. ரெண்டு நாள் ஆகியும் வாடல. அவர் பறிச்சதாச்சே, விட்டுட்டு வர மனசில்ல. தாள்ல வச்சுக் கட்டிட்டேன். தப்பா?"

"தப்பில்ல. அன்னிக்கு அடுப்பு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. நான் ஜீப்ல படுத்திருந்தேன், எழுந்து வந்து நான்தான் அணைச்சேன். சாப்பிட்ட பிறகு எதுக்குப் பத்த வச்சாருன்னு தெரியல."

"பெரிய பாத்திரம்?"

ஓட்டுநர் யோசித்தார். "அது மட்டும் குறைஞ்சுது. தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிக் குடுத்தேன்."

"குடிக்கிற தண்ணியை அவன் செடிக்குத் தொட மாட்டான்" என்றார் அக்கா. யாரிடமும் சொல்லவில்லை, மேசையைப் பார்த்துச் சொன்னார்.

அன்று முழுக்க அவர் ஒரு தாளும் ஒட்டவில்லை. நாலு மணிக்கு, "இதை அவன் பொண்டாட்டிகிட்ட சொல்லிடணும்" என்றார். ஊருக்கு உபதேசம் செய்வதில் நான் கெட்டிக்காரன். "தண்ணி எடுக்கத்தான் போனாருன்னு மட்டும் சொல்லுங்க. அந்தச் சீட்டைக் கிழிச்சுடுங்க, யாருக்குத் தெரியப்போகுது" என்றேன்.

"எதுக்குத் தண்ணின்னு கேப்பா. பாதி சொன்னா நம்ப மாட்டா, சமாதானத்துக்குச் சொல்றேன்னு நெனைப்பா."

என்னையும் துணைக்கு வரச் சொன்னார். அவள் வீடு, மாடிப்படி ஏறியதும் ஒரே அறை, ஒரு சமையல் மூலை. கூரை ஒழுகும் இடத்தில் ஒரு வாளி. தம்பி மனைவி கதவைத் திறந்தபோது முகத்தில் கண்கள் மட்டும்தான் இருந்தன. அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, செடியை, அடுப்பை, பாத்திரத்தை, சீட்டை, ஒன்றுவிடாமல் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. "நான்தான் அவனைத் தண்ணிக்கு அனுப்பினேன்" என்று முடித்தார்.

அவள் அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"பாத்திரத்தோடயா போனாரு?"

"பாத்திரத்தோடதான்."

"அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சா?"

"எரிஞ்சுது."

"அப்போ திரும்பி வரத்தான் போயிருக்காரு" என்றாள். பிறகு அழுதாள். மூன்று மாதமாக வராத அழுகை, தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது. அக்காவின் கையை விடாமல், அந்தக் கையிலேயே முகத்தை வைத்து அழுதாள். நான் வாளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவள் பிழைத்துக்கொள்வாள் என்று தோன்றியது. எனக்கும் கண் கலங்கியது, அதை மறைக்கவும் இல்லை.

அழுது ஓய்ந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அக்கா கொண்டுவந்திருந்த குறிப்பேட்டை ஒரு கையால் திறந்தாள். சீட்டை எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

"அண்ணி, பறிச்ச அன்னிக்கேன்னு போட்டிருக்கு. அன்னிக்கேவா முக்கணும்? மறுநாள் வெளிச்சத்துல முக்கினா ஆகாதா?"

இந்தக் கேள்வி வரும் என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் அது தெரிந்தது.

"ஆகும்" என்றார். "ஒரு வாரம் கழிச்சு முக்கினாலும் ஆகும். அது எங்கயும் போயிடாது. தண்ணி இல்லாம, மண்ணு இல்லாம, மூணு மாசம் இருட்டுல கெடந்து உசிரோட இருக்கு. ஒரு ராத்திரி இருக்காதா? எனக்கு அது தெரியும். கோவத்துல அன்னிக்கேன்னு எழுதிட்டேன்."

தம்பி மனைவி குறிப்பேட்டை மூடினாள். பிறகு, அக்காவின் பிடியிலிருந்து தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.