வாசலைப் பார்த்த பிள்ளைகள்

எங்கள் அக்கா கொழும்பு வெள்ளவத்தையில் பிறந்தவர். மூத்த பிள்ளையாகப் பிறந்து வீட்டின் பிடிவாதம் முழுவதையும் தானே எடுத்துக்கொண்டார். பின்னால் வந்த எனக்கு மிச்சம் வைக்கவில்லை. பரதம் போதாதா என்று அப்பா எவ்வளவோ சொல்லியும் கேளாமல், அதே தெருவில் தனியாக வாழ்ந்த வெள்ளைக்கார மிஸ்ஸிடம் பள்ளிக்காலம் முழுவதும் பாலே நடனம் பழகினார்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் வீடு எரிந்தபின் லண்டன் வந்தார். வாரநாட்களில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. சனிக்கிழமைகளில் ரெய்னர்ஸ் லேனில் ஒரு தேவாலய மண்டபத்தில் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்கு பாலே படிப்பித்தார். "காலைத் தூக்கி ஆடுறதுக்கோ பிள்ளையை அனுப்புறது?" என்று கேட்டவர்களே பிறகு இடம் கேட்டு வந்தார்கள்.

அந்த வகுப்பில் ஒரு விசேஷம் இருந்தது. துள்ளுவதற்கு முன் பிள்ளைகள் எல்லோரும் ஒரே கணத்தில், இடது தோளுக்கு மேலாக வாசலைத் திரும்பிப் பார்ப்பார்கள், யாரோ உள்ளே வந்துவிட்டதுபோல. முதல்நாள் வாசலடியில் இருந்த நானும் திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் எவரும் இல்லை.

"ஆரக்கா அங்கை?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை. அது ஆட்டத்தில உள்ளது. மிஸ் அப்பிடித்தான் காட்டித் தந்தவ."

சில வருடங்களின் பின் வகுப்பைப் பார்க்க வந்த பரீட்சகர், அப்படியொரு பார்வை பாலேயில் எங்குமே இல்லை, பரீட்சைக்கு முன் எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். அக்கா பேயறைந்தவர்போல் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, மிஸ் ஆரோ வருவினம் எண்டு பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறா. நான் அதையும் ஆட்டம் எண்டு பழகி, இந்தப் பிள்ளையளுக்கும் குடுத்திட்டன்."

பிள்ளைகளை வேறு சுவரைப் பார்க்க நிறுத்தி, மாதக்கணக்கில் பாடுபட்டு அந்தப் பார்வையை எடுத்தார். எல்லோரும் பரீட்சையில் நன்றாகச் சித்தியடைந்தார்கள். பெற்றோர் இனிப்புப் பகிர்ந்து கொண்டாட, அக்கா மட்டும் குசினி அடுப்படியில் நின்று அழுதார். "மிஸ்ஸுக்காகப் பார்க்க இனி ஒருத்தரும் இல்லை. வாசலைப் பூட்டிப்போட்டன், தம்பி." நான் என்ன ஆறுதல் சொல்லியும் அவர் மனம் ஆறவில்லை.

தொண்ணூறுகளின் இறுதியில் புற்றுநோய் அவரைப் படுக்கையில் போட்டது. வைத்தியசாலையில் அக்காவின் தலை எந்நேரமும் இடப்பக்கம், கதவை நோக்கியே திரும்பியிருந்தது. தாதியர் நேராக்கிவிட்டுப் போனாலும் திரும்பிவிடும்.

"ஆரக்கா வருகினம்?"

"எனக்குத் தெரியாது. மிஸ்ஸுக்குத் தெரியும்."

அதுவே அவர் என்னுடன் கடைசியாகப் பேசியது.

இறுதிக் கிரியையின்போது, வகுப்பு முடிவில் ஆசிரியரை வணங்கும் வழக்கப்படி மாணவிகள் வரிசையாக நின்று குனிந்து வணங்கினார்கள். அவர்களில் பாதிப்பேர் புதிதாகச் சேர்ந்த சின்னப் பிள்ளைகள். அந்தப் பார்வையைப் பற்றிக் கேள்விப்பட்டே இராதவர்கள். நிமிரும்போது அத்தனை தலைகளும் ஒன்றாக இடப்பக்கம் வாசலுக்குத் திரும்பின. மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த ஐயரும் நிறுத்திவிட்டுப் பார்த்தார். கடைசி வரிசையில் நின்ற ஒரு சிறுமி சிரித்து, சற்று விலகி வழிவிட்டாள்.

அக்காவைப் பராமரித்த தாதியருக்கும், நாள்தோறும் சாப்பாடு கொண்டுவந்த குட்மேய்ஸில் இருக்கும் சித்தி குடும்பத்தினருக்கும், கிரியைகளை நடத்திய ஐயருக்கும், துயரில் எங்களோடு நின்ற உறவினர், நண்பர்கள் யாவருக்கும் எங்கள் நன்றி.

அன்று அந்தச் சிறுமி யாருக்கு வழிவிட்டாளோ, அவருக்கும் நன்றி. நாங்கள் அவரைக் காணவில்லை. வாருங்கள் என்று ஒரு சொல் சொல்லவுமில்லை. பொறுத்துக்கொள்ள வேண்டும்.