மீன்கால் அரசர்

உத்தரவுப் பத்திரமின்றி வந்த தந்தப் பொருளை முத்திரையிட்ட பெட்டியில் பூட்டி, கொழும்பின் பதில் வரும்வரை எவர் கண்ணிலும் படாமல் வைக்க வேண்டும். விதி அதுதான். நான் காங்கேசன்துறையில் சுங்க எழுதுவினைஞனாக இருந்த காலத்தில் எங்களிடம் பூட்டுள்ள பெட்டி ஒன்றுதான். அதில் பிடிபட்ட இந்தியச் சேலைகள் குடியிருந்தன. ஆகவே கணக்கு மாஸ்டரின் தந்தக் காப்பு, பெயரும் இலக்கமும் எழுதிய சிட்டை கட்டப்பட்டு, என் அலுமாரியின் மேல் வீற்றிருந்தது.

மாஸ்டர் அச்சுவேலிக்காரர். நைஜீரியாவின் பெனின் நகரில் சில ஆண்டுகள் படிப்பித்துவிட்டு எண்பதுகளின் தொடக்கத்தில் திரும்பியவர். அங்குள்ள எடோ மக்களிடம் தந்தக் காப்பு அரசருக்கு உரியது. அதன் மாதிரியில் ஒன்றைச் சிற்பியிடம் செதுக்குவித்து, மாணவர்கள் பிரியாவிடையாகக் கொடுத்திருந்தார்கள். போடுவதற்கல்ல, வீட்டில் மரியாதையாக வைப்பதற்கு. வைத்ததும் படம் அனுப்புவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அகலமான காப்பு அது. நடுவில் பவளமணி முடி தரித்த அரசர். இடுப்புக்குக் கீழே கால்களுக்குப் பதில் இரண்டு மீன்கள், இருபுறமும் வளைந்து மேலெழுந்தன.

வெள்ளிதோறும் மாஸ்டர் வருவார். "பதில் வந்ததே, தம்பி? படம் எங்கையெண்டு திரும்பவும் எழுதியிருக்கிறாங்கள். நான் வித்துப்போட்டன் எண்டெல்லோ பெடியள் நினைப்பாங்கள்!"

எங்கள் காவலாளி மயிலிட்டிக் கடற்காரர். காப்பைக் கண்ட அன்றே செவ்வரத்தம்பூ வைத்துவிட்டார். "மீனா வந்த வல்லிபுரத்தானல்லோ, ஐயா. அலுமாரிக்கு மேலை சும்மா விடலாமே?"

"அது பெருமாளில்லையப்பா, ராசா," என்றார் மாஸ்டர். "கடல் தெய்வத்தின்ரை அம்சம் எண்டு மீன்காலோடை செதுக்கிறவை."

"அப்ப எங்கடை ஆள்தானே!"

மறுநாள் ஊதுபத்தியும் சேர்ந்தது. தடுத்து வைத்த பொருளுக்குப் பூசை செய்யக்கூடாது என்று விதி ஏதும் இல்லை. தேடிப் பார்த்தேன்.

அந்தப் பொருளைப் படமெடுக்கத்தான் தடை. எழுதுவினைஞரைத் தன் அலுமாரியுடன் எடுக்கத் தடையில்லை. படக்காரர் வந்தார். நான் அலுமாரிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றேன். படம் பெனினுக்குப் போயிற்று.

கொழும்பை முந்திக்கொண்டு மாணவர்கள் எழுதினார்கள்: அரசரைப் பூவும் புகையுமாக வீட்டுக் கோயிலில் வைத்ததற்கு நன்றி, அருகில் நிற்கும் பூசகருக்கும் எங்கள் வணக்கம்.

நான் மிஷன் பள்ளியில் படித்த மெதடிஸ்ட். மாஸ்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பூசகர் ஐயா, திருநீறு இருக்கே?" அதன் பிறகு வெள்ளிகளில் அவர் பதிலைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார், பூக் கொண்டுவரத் தொடங்கினார்.

இப்போது அரசர் மாஸ்டர் வீட்டுச் சாமியறையில் இருக்கிறார். பெடியள் படத்தில் பார்த்தபடியே இருக்கட்டும் என்று மாஸ்டர் சிட்டையை அவிழ்க்கவில்லை. விடுவிக்கலாம் என்று கொழும்பு பதில் தந்த நாளை அதில் குறித்தவன் நான்தான். கூழ் குடித்த கையோடு திகதிக்குப் பதிலாக எழுதியது, இன்னும் அழியாமல் இருக்கிறது: ஆடிப்பிறப்பு.