ஆலிஸின் வில்ஃப்

எட்னா, பக்கவாதத்தில் படுக்கையில் கிடந்த தம்பி வில்ஃபின் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். வெந்நீரில் ஊறியும் கட்டைவிரல் நகம் கொம்பு போல இறுகிக் கிடந்தது. கதவைத் தட்டும் சத்தம் கேட்டும் அவள் எழுந்திருக்கவில்லை.

"திறந்துதான் இருக்கு. காலைத் துடைச்சிட்டு வாங்க."

வந்தவர் நைஜல் ஹார்கன்ஷா. அந்தக் குடும்பப் பெயர் கொண்டவர்கள் நடத்தும் சங்கத்தின் செயலாளர், ஓய்வு பெற்ற கார்ப்பெட் வியாபாரி. வில்ஃபைச் சோதிக்கலாமா என்று தொலைபேசியில் கேட்டு எட்னாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகும், நாட்டிங்ஹாமிலிருந்து கார் ஓட்டி வந்திருந்தார்.

"உலகம் முழுக்க முந்நூறு பேர்தாம்மா இருக்கோம், பாதிப் பேர் கனடாவுல. எல்லாருக்கும் மூலம், மலைமேல இருக்கிற அந்தப் பண்ணைதான். நம்ம பேரே அதோட பேர்தானே? இந்தப் பள்ளத்தாக்குல மிச்சம் இருக்கிற ஒரே ஆம்பளை உங்க தம்பி. அப்பன்கிட்டேர்ந்து மகனுக்கு வர்ற டி.என்.ஏ.வைத்தான் சோதிக்கிறோம். கன்னத்துக்குள்ள பஞ்சால ஒரு தடவு தடவினா போதும்."

"சந்தையில மாட்டுக்கு வாயைத் திறந்து பாக்கிற மாதிரியா? முடியாது."

எட்னா சிறுமியாக இருந்தபோது பாதி வகுப்புக்கு அதே பெயர். ஆகவே அந்தப் பெயரைச் சொல்லி யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை. தகப்பன் பெயரை முன்னால் போட்டு, ஜோவின் டாம், ஜாக்கின் ஹாரி என்பார்கள். வில்ஃப் மட்டும் ஆலிஸின் வில்ஃப். ஆலிஸ் எட்னாவின் மூத்த அக்கா. ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் ஒரு குளிர்காலம் முழுவதும் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பனி உருகியதும் அம்மா ஒரு குழந்தையைத் தூக்கிவந்து, "உன் தம்பி" என்றாள். ஊர் கூப்பிடும் பெயரிலேயே விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டது. அதற்குமேல் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பஞ்சு வாய் திறந்துவிடும். சங்கக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வில்ஃப் இந்தப் பெயருக்கு அந்நியன் என்று அறிவிப்பார்கள். படுக்கையில் கிடப்பவனுக்கு அந்த அவமானம் வேண்டாம் என்று எட்னா தானாகவே முடிவு செய்திருந்தாள்.

நைஜல் விடவில்லை. "பப்ல ஆலிஸோட வில்ஃப்னு சொன்னாங்க. ஆலிஸ் இவரோட மனைவிதானே?"

"என்னைப் பெத்தவ, மடையா," என்றார் வில்ஃப், கோணிய வாயால். "அப்பன் யாருன்னு அவ சொல்லல, நானும் கேக்கல. இவ எனக்கு அக்கா இல்ல, சித்தி." பிறகு எட்னாவைப் பார்த்துச் சீறினார். "என் வாய்க்கு நீ என்னடி பூட்டு? என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

எட்னா குனிந்து அடுத்த நகத்தை வெட்டினாள்.

நைஜல் கையிலிருந்த பஞ்சு டப்பாவை மூடினார். "அப்ப ஆண்வழி கிடையாது. சங்கத்துக்கு உபயோகப்படாதுங்க."

எட்னாவின் நகவெட்டி வெந்நீர் பேசினுக்குள் விழுந்தது. "உபயோகப்படாதா? அந்தப் பண்ணையில பனிக்குள்ள கையை விட்டு, புதைஞ்ச ஆட்டைத் தோண்டி எடுத்தவன் இவன். நீ கார்ப்பெட் வித்தவன். இவனும் உங்க கணக்குல வரணும். பஞ்சை வச்சிட்டுப் போ!"

"அப்ப இப்பவே எடுத்துடலாமே..."

"இப்பத்தான் டீ குடிச்சான். வெறும் வாயில எடுக்கணும்னு உங்க டப்பாவே சொல்லுது. படிக்கத் தெரியாதா?"

நைஜல் டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு வெளியேறினார். இரவுச் சாப்பாட்டின்போது வில்ஃப் எட்னாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை எட்னா கை கழுவி, அவர் தாடையைப் பிடித்து, இரண்டு கன்னத்திலும் பஞ்சை அழுத்தி உருட்டினாள். "மெதுவா!" என்று அவர் கத்தினார். பஞ்சை டப்பாவிலிருந்த சின்னக் குழாயில் போட்டு மூடி, சங்கத்துக்கு அனுப்ப எடுத்துக்கொண்டு, மழைக்கோட்டை மாட்டி, தபால் நிலையம் திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றாள்.