ராத்தாவின் செவ்வரத்தை வேலி

பக்கத்து வீட்டில் புல் வெட்டும் மெஷின் ஓடினால் எனக்கு அன்றைய நாள் போச்சு. சத்தம்கூடப் பரவாயில்லை. அந்தப் பச்சை வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன். எதற்கு வந்தோம் என்று அங்கே யோசித்துவிட்டுத் திரும்புவதற்குள் பருப்பு அடிப்பிடித்திருக்கிறது. "கால்ல சக்கரமாம்மா கட்டியிருக்கு?" என்று மகள் கேட்கிறாள். பரம்பரைச் சொத்து, என்ன செய்ய? என் அப்பாவுக்கும் சும்மா இருக்கத் தெரியாது. ராத்தாவின் வேலிக்கு வந்த வினையும் அதுதான்.

எழுபதுகளில் இலங்கை மலைநாட்டில், பதுளை டவுனில் ராத்தா வீட்டுப் பின்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன். முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். அவருக்கு என் அம்மா வயது இருக்கும், ஆனாலும் தெரு முழுக்க அவர் ராத்தாதான். அவருடைய கணவருக்குக் கடைவீதியில் துணிக்கடை. எங்களுக்கு அவர் முதலாளி. நான் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். என் கணவருக்கு மொனராகலைப் பக்கம் கரும்புத் தோட்டத்தில் வேலை. சனிக்கிழமை பஸ்ஸில் தலை நிறையப் புழுதியோடு வந்து இறங்குவார், ஞாயிறு மாலை போய்விடுவார். மற்ற நாட்களில் எனக்குத் துணை ராத்தாவும் அவருடைய வளவும்.

வளவு என்றால் வீட்டைச் சுற்றியிருக்கும் நிலம். ராத்தாவின் வளவை முதலில் பார்த்தபோது, இந்த அம்மா என்ன இவ்வளவு சோம்பேறி என்று நினைத்தேன். மூலையில் சருகு மலையாகக் கிடந்தது. பப்பாளியில் உச்சிப் பழங்களை யாரும் பறிப்பதில்லை. உடைந்த மண்சட்டி ஒன்றில் தண்ணீர். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில் வளர்ந்தவளுக்கு இதெல்லாம் பொறுக்குமா? எங்கள் லயத்து வாசலில் ஓர் இலை கிடக்க விடமாட்டோம். பாம்பு வரும், அட்டை வரும் என்று வெறும் மண் தெரியப் பெருக்குவோம். குடி வந்த மறுநாளே விளக்குமாறும் கையுமாக இறங்கிவிட்டேன். ராத்தா ஓடி வந்து என் கையைப் பிடித்தார்.

"அத விடுங்க மகள். அது செண்பகத்துட இடம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சருகுக்கு ஒரு சொந்தக்காரரா! ஆனால் மதியத்தில் செங்கண்ணும் தவிட்டு நிறச் சிறகுமாக அந்தச் செண்பகம் வந்து சருகைப் புரட்டுவதைப் பார்த்த பிறகு விளக்குமாறு அந்தப் பக்கம் போகவில்லை. உச்சிப் பப்பாளி பகலில் மாங்குயிலுக்கு, இருட்டினால் மரநாய்க்கு. சட்டித் தண்ணீரில் கீரிக்கும் பங்கு உண்டு. இத்தனைக்கும் சுற்றிவர வீடுகள், இரண்டு தெரு தள்ளி பஸ் ஸ்டாண்ட்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த வேலி. தெருவோரம் முழுக்கச் செவ்வரத்தை என்கிற செம்பருத்தி, நடுநடுவே உண்ணிப்பூச் செடி, மேலே கொடி படர்ந்து ஆள் உயரத்துக்கு மேல் அடைத்துக்கொண்டு நின்றது. தையல்சிட்டும் கொண்டைக்குருவியும் அதற்குள்தான் குடித்தனம். முதலாளிக்கு அது கண்ணில் விழுந்த தூசி. ஆடு நுழைகிறது, மதில் கட்ட வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். "கூடு ஈக்கி, குஞ்சு பறக்கட்டும்" என்று ராத்தா தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு கூடு காலியாகுமுன் இன்னொரு கூடு வந்துவிடும். முதலாளி தலையில் அடித்துக்கொண்டு கடைக்குப் போவார்.

இந்த நிலைமையில்தான் அப்பா வந்தார். தோட்டத்துச் சனங்களை இலங்கையும் இந்தியாவும் பங்கு போட்டுக்கொண்ட காலம். எனக்கும் என் கணவருக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. அப்பாவுக்கும் தம்பி குடும்பத்துக்கும் இந்தியா என்று விழுந்துவிட்டது. லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்தில் வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டியாயிற்று, லயத்துக் காம்பிரா என்கிற அந்த ஒற்றை அறையையும் விட்டாயிற்று. தம்பி மாமனார் வீட்டில் இருந்தான். இந்தியாவுக்குக் கோச்சி, அதாவது ரயில், ஏறும் நாள்வரை அப்பா என்னோடு. ஆயுசு முழுக்கத் தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய மனிதர், பின்னறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து கை விரல்களை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தார். கச்சான் காற்று சுழற்றியடிக்கிற காலம், மழையின் வாடையே இல்லை. "என்னமோ கையி திங்குது புள்ள" என்பார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இப்படிச் செய்வார் என்று கண்டேனா?

அன்று ராத்தா ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். நான் மருந்துக்கடையில். சாயந்தரம் திரும்பினால் தெருமுனையிலேயே வெட்டிய பச்சை வாசனை அடித்தது. வேலி முழங்கால் உயரத்தில், நூல் பிடித்த மாதிரி ஒரே மட்டமாக நின்றது. தேயிலை மலை மாதிரியே. அப்பா கவ்வாத்துக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எத்தனை நாள் கழித்து அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்!

"பாத்தியா புள்ள? காடா கெடந்துச்சு. வாடக குடுத்துட்டுச் சும்மா இருக்கலாமா, நம்மளும் ஒரு ஒத்தாச செய்யணுமில்ல?"

நான் வாயைத் திறக்குமுன் ராத்தா வந்துவிட்டார். கத்துவார், வீட்டைக் காலி பண்ணச் சொல்வார் என்று நடுங்கிப்போனேன். அவர் குப்பையில் குனிந்து, இலைகளைத் தைத்த ஒரு தையல்சிட்டுக் கூட்டை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. "வாப்பாக்கு டீ குடுங்க மகள், களைச்சிப் போயிருப்பார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதற்கு என்னைக் கன்னத்தில் இரண்டு அறைந்திருக்கலாம்.

முதலாளிக்குக் கொண்டாட்டம். "இனி என்ன, கல்லுக்குச் சொல்லுவம்" என்றார். ராத்தா விடவில்லை. "மழ வரட்டும். தழைக்காட்டி நீங்க மதில் கட்டுங்க, நான் ஒண்டும் பேச மாட்டன்."

அப்பாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அன்றிலிருந்து மனிதர் முக்காலியில் உட்காரவே இல்லை. கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக இறைத்து வேலிக்கு ஊற்றினார். நகத்தால் கட்டையைச் சுரண்டிப் பச்சை இருக்கிறதா என்று பார்ப்பார், கொஞ்ச நேரத்தில் அதே கட்டையைத் திரும்பச் சுரண்டுவார். காற்று விடவில்லை. ஒரு துளிர் வரவில்லை. சோறு வைத்தால் பாதியில் எழுந்து போய்விடுவார். "தொர சொல்ற மாசத்துல வெட்டியே பழக்கம். நானா வெட்டுனது இதுதான் புள்ள, அதுவும் செத்துப் போச்சு" என்றார். அப்பா அழுது நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான்.

பதுளை ஸ்டேஷனில் பிளாட்பாரம் முழுக்க ஒப்பாரி. தம்பி பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். அப்பா மட்டும், வழியனுப்ப வந்த ராத்தாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"தாயி, ஒங்க வேலியப் பாழாக்கிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"வேலி வரும் நானா. நீங்க நல்லாப் போய்ச் சேருங்க" என்றார் ராத்தா. அவர்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகு ஒரு காலையில் ராத்தா போட்ட சத்தத்தில் பல் துலக்காமல் ஓடினேன். கட்டைகள் எல்லாம் வெடித்து, ஒவ்வொன்றிலும் கொத்துக் கொத்தாகச் செந்துளிர்! "மதில் இல்ல, மதில் இல்ல!" என்று ராத்தா மழையில் நின்று முதலாளியைக் கேலி செய்தார். முதலாளியும் சிரித்துவிட்டார். தை முடிவதற்குள் வேலி முன்னைவிட அடர்ந்துவிட்டது. தையல்சிட்டு திரும்பி வந்தது, கூடவே அதற்கு முன் அங்கே பார்த்திராத தேன்சிட்டும் வந்தது. அப்பாவுக்கு நாலு பக்கம் எழுதினேன். ஒரு செவ்வரத்தைப் பூவையும் அமுக்கிக் காயவைத்து உள்ளே வைத்தேன்.

அப்பாவுக்கு எழுதத் தெரியாது, தம்பிதான் பதில் போட்டான். 'அப்பா நம்ப மாட்டேங்கிறாரு அக்கா. அவரு கவலப்படக் கூடாதுன்னு நீ எழுதுறியாம், எந்த வேலியில பறிச்ச பூவோன்னு சொல்றாரு.' எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. திரும்பத் திரும்ப எழுதினேன். ராத்தாவும் ஒரு கடிதம் போட்டார். அவர் நல்ல மனுஷி, அப்படித்தான் சொல்வார் என்று அதற்கும் ஒரு பதில். கோத்தகிரிப் பக்கம் எங்கோ ஒரு கூலி வீட்டில் அப்பா கண்ணை மூடும்வரை அந்த வேலி செத்துப்போன வேலிதான்.

இப்போது பத்திரிகைகளில் எழுதுகிறார்கள்: டவுன் வளவில் ஒரு மூலையைப் பெருக்காமல் விடுங்கள், சட்டியில் தண்ணீர் வையுங்கள், பறவைகள் வரும் என்று. படித்தால் ராத்தா ஞாபகம்தான். அவர் மௌத்தாகி, பிள்ளைகள் பாகம் பிரித்து, வேலியை வேரோடு பிடுங்கி மதில் எழுப்பிவிட்டார்கள். உள்ளே சீமெந்துத் தரை, அதில் ஒரு வேன் நிற்கிறது. போன வருஷம் பதுளைக்குப் போனபோது அந்த மதில் ஓரமாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஒரு கட்டை, ஒரு வேர்கூட இல்லை. இனி அப்பாவே எழுந்து வந்து "எங்க, காட்டு பாப்போம்" என்று கேட்டாலும் நான் எதைக் காட்டுவேன்?