நத்தாருக்கு முன் ஒரு பூச்சு

எங்கள் வீட்டு வெளிச்சுவரைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் முதுகடியில் நாரி நோகும். பிறகுதான் கோபம் வரும்.

இந்தப் பனி நாட்டில் ரூஜ் என்கிற பகுதியில் இந்த வீட்டை வாங்கியபோது முன்பக்கம் முழுக்க ஸ்ரக்கோ என்கிற பூச்சுப் போட்டிருந்தார்கள். பார்க்கச் சீமெந்துச் சுவர் போலவே இருக்கும். தட்டினால்தான் வண்டவாளம் தெரியும், உள்ளே டொக் டொக் என்று வெறும் சத்தம். மேலே மெல்லிய பூச்சு, அதற்குள் ஒரு வலை, அதற்குள் ரிஜிபோம் அட்டை, அதற்குப் பின்னால் பலகை. ரெலிவிஷன் பெட்டிக்குள் வைத்து வருகிற அதே ரிஜிபோம்தான். இதற்குள்தான் இவ்வளவு குளிருக்கும் குடியிருக்கிறோமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. என் கணவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குச் சுவர் என்றால் சுவர்தான்.

அவர் தீவுப்பகுதிக்காரர், கோயில் வீதியில் வளர்ந்தவர். அங்கே எங்களைப் போன்ற வேதக்கார வீடுகளில் நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மசுக்கு, முன் சுவருக்கு வெள்ளை அடிக்காமல் விடமாட்டார்கள். பலகாரம் இல்லாத நத்தார்கூட வரலாம், வெள்ளை அடிக்காத நத்தார் வராது. இங்கே வந்தும் மனிசன் அதை விடவில்லை. சுண்ணாம்புக்குப் பதிலாகக் கடையில் வாங்கிய பெயின்ற், அவ்வளவுதான் வித்தியாசம். குளிர் இறுகுவதற்கு முன் ஒக்ரோபரில் வெயில் எறிக்கிற ஒரு சனிக்கிழமையைப் பிடித்துவிடுவார். கிழமை முழுக்கப் பிறம்ரனில் வெயார்ஹவுசில் பெட்டி தூக்கிவிட்டு, அந்த ஹைவேயில் மணித்தியாலக் கணக்காய்க் காரோடி வந்த மனிசனுக்கு, சனிக்கிழமை விடிந்தால் மட்டும் எங்கிருந்தோ ஒரு தெம்பு வந்துவிடும்.

என்னுடைய வேலை ஏணி பிடிப்பது. நான் முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறவள். எனக்கும் சனிக்கிழமை என்று ஒன்று இருக்கிறது. அதை யார் கேட்டார்கள்? "நீர் சும்மா பிடியும், நான் அடிக்கிறன்" என்பார். சும்மாவாம்! கழுத்தை நிமிர்த்தி, மேலே ஆடுகிற அவருடைய சப்பாத்துக் காலைப் பார்த்தபடி நான் சொன்ன அருள்நிறை மரியே செபம் எல்லாவற்றையும் சேர்த்தால் பாவசங்கீர்த்தனத்தில் கொடுக்கிற ஒரு பரிகாரத்துக்குக் காணும்.

ஆரம்பத்தில் சின்னச் சின்ன வெடிப்புகள் வந்தன. யன்னல் மூலைகளில் மயிரிழை போல ஓடும். என் தம்பி அரிசோனாவில் இருக்கிறான், பாலைவனத்துக்குப் பக்கத்தில். அவனுடைய வீடும் ஸ்ரக்கோ, அந்தத் தெரு முழுக்க ஸ்ரக்கோதான். இவர் வீடியோவில் அவனைப் பிடித்துச் சுவரைக் காட்டினார். தம்பிக்குத் தன்னிடம் கேட்டார்கள் என்ற புளுகம் தாங்கவில்லை.

"அத்தான், இஞ்ச வெயில் சுவரை வெடிக்கப் பண்ணிப்போடும். நாங்கள் றப்பர் மாதிரித் தடிப்பான பெயின்ற் ஒண்டு அடிக்கிறனாங்கள். விடிய வெள்ளன, சுவரில வெயில் பட முந்தி, தூசியை மேலயிருந்து கீழ கழுவுங்கோ. வெடிப்பை அடையுங்கோ. காயவிட்டு அடியுங்கோ. பிறகு ஒரு கரைச்சலும் இல்லை."

"அங்க மழை பெய்யிறதோடா?" என்று நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"மழையோ? மழை வந்தா நாங்கள் வெளியில நிண்டு படம் எடுப்பம் அக்கா!"

எல்லோரும் சிரித்தோம். சிரித்ததோடு சரி. அவனுடைய ஊருக்கும் எங்கள் ஊருக்கும் இடையில் எவ்வளவு மழையும் பனியும் கிடக்கிறது என்று மூன்று பேரில் ஒருவருக்கும் மண்டையில் தட்டவில்லை.

அன்றிலிருந்து றப்பர் பெயின்ற். தம்பி ஒருதரம் அடித்தால் பல வருசத்துக்குக் காணும் என்றுதான் சொன்னான். இவருக்கு அந்தக் கதை காதில் ஏறவில்லை. நத்தார் வருசா வருசம் வருகிறதல்லவா, இவரும் வருசா வருசம் அடித்தார். சுவரின் அடியில் நிலத்தோடு ஓடுகிற சின்ன இடைவெளியையும் எறும்பு போகும் என்று சிலிக்கன் வைத்து அடைத்தார். சுவர் பளபளவென்று நின்றது. கோயிலில் கண்டவர்கள் "அண்ணை, வீடு புதுசு மாதிரி இருக்கு" என்று சொல்லச் சொல்ல அவருக்கு உச்சி குளிர்ந்தது. எனக்கு நாரி விட்டுப்போனது.

போன வசந்தத்தில் அவருக்கு நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். வேலையும் நின்றது. பாரம் தூக்கக்கூடாது, ஏணிப் பக்கமே போகக்கூடாது என்று டொக்டர் சொன்னபோது நல்ல பிள்ளையாய்த் தலையாட்டினார். ஒக்ரோபர் வந்ததும் பெயின்ற் வாளியோடு காரிலிருந்து இறங்கினார்.

விட்பியிலிருந்து மகள் போனில் கத்தினாள். "அப்பா, ஆர் யூ சீரியஸ்? உங்களுக்கு ஹார்ட் சேர்ஜரி முடிஞ்சு இன்னும் ஒரு வருசம்கூட ஆகேல்லை!"

"தாயும் மகளும் சேர்ந்து என்னைக் கட்டில்ல போடப் பாக்கிறியள்" என்றார்.

எனக்கு வந்ததே ஒரு விசர்க் கோபம். "இஞ்சேருங்கோ, எனக்கு இந்தச் சுவர் தேவையில்லை. நீங்கள்தான் தேவை. இடிஞ்சு கொட்டுண்டாலும் பரவாயில்லை, ஏறாதேங்கோ" என்றேன். இத்தனை வருசத்தில் அப்படி நேராக நான் அவரிடம் சொன்னதில்லை. அவர் போய் ஏணியை எடுத்து வந்தார். தனியாக ஏறினால் இன்னும் மோசம். நானே போய்ப் பிடித்தேன்.

நல்லகாலம், அதிகம் ஏறவில்லை. யன்னலுக்குக் கீழே சுவர் கொஞ்சம் வீங்கினாற்போல் இருந்தது. தூசியாக்கும் என்று கையை வைத்து அழுத்தினார். தேத்தண்ணியில் தோய்த்த பாண் துண்டு போலச் சுவர் உள்ளே போனது. அவர் கையை எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏணியை விட்டு இறங்கினார்.

ஸ்ரக்கோ வேலை செய்கிற ஒருவரைக் கூப்பிட்டோம். மன்னார்ப் பக்கத்து முஸ்லிம் ஆள், இரண்டு போனிலும் மாறி மாறிப் பேசிக்கொண்டே வந்தார். வீங்கிய இடத்தைச் சதுரமாய் வெட்டி இழுத்தார். உள்ளே பலகை கறுத்து, ஊறி, ஒரு நாற்றம். வெட்டிய துண்டின் ஓரத்தில் பெயின்ற் படை படையாய்த் தடித்திருந்தது.

"அக்கா, யன்னல் ஓரத்தால கொஞ்சம் தண்ணி எல்லா வீட்டிலயும்தான் போகும். போனது கீழால வடியவேணும், காயவேணும். இஞ்ச மேலயும் மூடி, கீழயும் அடைச்சுக் கிடக்கு. உள்ளுக்க நிண்ட தண்ணி பனிக்கு உறைஞ்சு உறைஞ்சு இளகியிருக்கு. ஆர் இவ்வளவு பெயின்ற் அடிச்சது?"

"நான்தான்" என்றார் என் கணவர். ஜக்கெற்றைப் போர்த்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"அடிக்காம விட்டிருந்தா சுவர் தப்பியிருக்கும்" என்று சொல்லிவிட்டு, அந்த ஆள் மற்றப் போனை எடுத்தார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோசம் வந்தது. கறுத்த பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு சந்தோசம்! இனி ஏணி இல்லை, இனி அவர் விழமாட்டார். "கேட்டீங்களோ? இனி அடிக்கவே கூடாதாம்" என்று உரத்துச் சொன்னேன். அவர் தலையாட்டினார். இந்தமுறை அது நல்ல பிள்ளைத் தலையாட்டல் அல்ல.

உரித்து, பலகை மாற்றி, புதுப்பூச்சுப் போட்டுவிட்டுப் போனார்கள். நிறம் பூச்சுக்குள்ளேயே கலந்திருக்கிறது. வருசத்தில் ஒருதரம் சுற்றிப் பார்த்தால் போதும், வேறு ஒன்றும் செய்யத் தேவையில்லை என்றார்கள். தம்பி போன் எடுத்து "சொறி அத்தான்" என்றான். "உனக்கென்னடா, நீ சொன்னது உன்ர ஊருக்குச் சரிதானே" என்று இவர் அவனைத் தேற்றினார்.

நத்தார்க் கிழமை வந்தது. நான் குசினியில் பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தேன். அவர் வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். ரெலிவிஷன் போடவில்லை, போனைப் பார்க்கவில்லை. கையிரண்டையும் மேசையில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"அப்ப நான் இனி என்ன செய்யிறது?" என்றார்.

கோயிலுக்குப் போங்கோ, ஷொப்பிங் மோலுக்குள்ளே நடவுங்கோ, விட்பிக்குப் போய் மகளோடு நாலு நாள் இருங்கோ என்று அடுக்கிக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீர் களைச்சுப்போனீர், எனக்குத் தெரியும். நான் இன்னும் களைக்கேல்லை."

அடுப்பை நிறுத்திவிட்டு அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.