ரொபின் சேரும் வாகரை அணியும்

மட்டக்களப்பு நகரத்தில் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் ரொபின். பின்கள வீரராக உதைபந்தாடிய காலத்திலேயே நடுவர்களோடு சண்டை பிடித்துப் பெயரெடுத்தவர். முழங்கால் போனதும் பயிற்றுவிப்பாளரானார். மாலைதீவு, பூட்டான், கட்டார் என்று போன இடமெல்லாம் இரண்டு மூன்று வருடம் பழக்குவார். பிறகு நிர்வாகத்தோடு முறுகிக்கொண்டு பெட்டியைக் கட்டுவார்.

கல்லடி வீட்டைச் சுனாமி கொண்டுபோனபோது அவர் கட்டாரில். மனைவி ஜிலியன் பக்கத்து மாடியில் ஏறித் தப்பியிருந்தாள். அடித்துப்பிடித்து வந்தவரை ஒரு நிவாரண நிறுவனம் பிடித்துக்கொண்டது. வடக்கே வாகரையில் சுனாமி முகாமிலிருந்த மீனவ இளைஞர்களை வைத்து ஓர் அணி கட்டவேண்டுமாம்.

போனால், மைதானம் முழுக்கக் கூடாரம். கடற்கரை மணலில் பழக்கத் தொடங்கினார். நிறுவனம் அனுப்பிய சப்பாத்துகள் எல்லாமே பதினோராம் அளவு. அணித்தலைவன் ரதீஸ் ஒன்றைத் தூக்கிப் பார்த்தான்.

"இது சப்பாத்தா தோணியா, சேர்?"

ரொபின் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கத்தினார். மறுமுனையில் ஒரு பெண் அமைதியாகக் கேட்டாள்: "குடுக்கிறத படம் எடுத்திட்டீங்களா?"

வெறுங்காலோடுதான் பழகினார்கள். பந்தை ஒழுங்காகக் கடத்தப் பழகிய வேளை இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி மூண்டது. 2007 தொடக்கத்தில் வாகரையே இடம்பெயர்ந்தது. ரொபின் மோட்டார் சைக்கிளில் முகாம் முகாமாகத் தேடினார். கிரான் பக்கத்தில் ரதீஸைக் கண்டார்.

"கோல் காக்கிறவன் எங்கடா?"

"அவனத் தேடாதீங்க, சேர். ஷெல் விழுந்து முடிஞ்சிது."

யாரைத் திட்டுவதென்று ரொபினுக்குத் தெரியவில்லை. திரும்பக் கட்டிய வீட்டுக்கு வந்து, தேநீர் ஆறிவிட்டதென்று ஜிலியன்மேல் பாய்ந்தார். அவள் அதைச் சூடாக்கிக் கொடுத்தாள். அதையும் அவர் குடிக்கவில்லை.

மாலைதீவிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. போகவில்லை.

2009இல் போர் முடிந்து, நகரத்தில் ஒரு சுற்றுப்போட்டி வைத்தார்கள். வாகரைக்குத் திரும்பியிருந்த பழைய ஏழு பேரோடு புதியவர்கள் நால்வரைச் சேர்த்து ரொபின் இறங்கினார். மூன்று மணிக்குத் தொடங்கவேண்டிய ஆட்டத்துக்குப் பிரதம விருந்தினர் ஐந்து மணிக்கு வந்தார். வந்தவர் சமாதானத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். முதல் பாதி முடியவே பொழுது பட்டுவிட்டது. நாணயம் சுண்டி வெற்றியைத் தீர்மானிப்போம் என்றார்கள் ஏற்பாட்டாளர்கள்.

ரொபின் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"ரெண்டு வருசமா ஆளாளாத் தேடிச் சேத்திரிக்கன். சுண்டிப் பாக்கிறதுக்கா? நாளைக்குக் காலமை ஆறு மணிக்கு மிச்சத்த விளையாடுவம். பேசிற ஆக்கள் எழும்ப முதல்!"

மறுநாள் காலை ஆடினார்கள். மூன்றுக்கு ஒன்று என்று வாகரை தோற்றது. திரும்பிப் போகும் பஸ்ஸில், எதிரணியின் மூன்றாவது கோலுக்கு ஏன் குறுக்கே போய் மறிக்கவில்லை என்று வாகரை வரும்வரை ரதீஸைத் திட்டிக்கொண்டே வந்தார் ரொபின். ரதீஸ் பாதி வழியிலேயே தூங்கிப்போயிருந்தான்.