பாகவதர்மேல் எனக்கு வயிற்றெரிச்சல்

ஒருத்தியின் புருஷனைப் பங்கு போட இன்னொருத்தி வந்தால் அவளைச் சக்களத்தி என்கிறோம். என் நிலைமையில் இருக்கும் ஆணுக்குப் போட்டியாக வருகிறவனை என்னவென்று சொல்வது? எனக்குத் தெரியவில்லை. என் மனைவியைப் பங்கு போட வந்தவர் ஒரு திமிங்கலம். 'வந்தவர்' என்று எழுதுவதைப் பார்த்து என்னைப் பெருந்தன்மைக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் வீட்டில் 'அது' என்று சொன்னால் அன்றைக்குச் சண்டை. என்னை நீ, வா, போ என்பாள். திமிங்கலம் என்றால் வந்துட்டார், போயிட்டார்.

'பாகவதர்' என்று பேர் வைத்தவர் அவளுடைய ஆராய்ச்சி நிலையத்தில் படகு ஓட்டுபவர். அங்கே வருகிற ஆண் திமிங்கலங்களிலேயே கனத்த குரல்; ஆரம்பித்தால் ஓயாது. படகோட்டி விளையாட்டாகச் சொன்னார். இவள் அதையே பிடித்துக்கொண்டாள்.

என் மனைவி கடல் உயிரியல் படித்தவள். ஆனால் கடலைப் பார்ப்பதற்கு முன்பே அவளுக்கு ரேடியோ பழக்கம். அவள் அப்பா ரேடியோ ரிப்பேர் செய்தவர். முன்னறை முழுக்கத் திறந்து போட்ட பெட்டிகள், ஈயம் உருகும் வாசனை. பாட்டென்றால் இவளுக்கு உயிர், பாடத்தான் வராது. என் மாமியார் இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சேர்ந்து பாடும்போது, இவள் மட்டும் வாயை அசைத்தால் போதும் என்று டீச்சர் சொல்லிவிட்டாராம். இவள் வாயை அசைத்துக்கொண்டே நின்றுவிட்டு, யார் யார் எந்த இடத்தில் பிசகினார்கள் என்று வீட்டுக்கு வந்து ஒப்பிப்பாளாம். தொண்டைக்குக் கொடுக்க வேண்டியதையும் சேர்த்துக் கடவுள் காதுக்கே கொடுத்துவிட்டார்.

படிப்பு முடிந்ததும் மீன் கணக்கெடுக்கும் படகு ஒன்றில் வேலை. ஒரு நாள் நடுக்கடலில் இன்ஜினை நிறுத்தி, தண்ணீருக்கடியில் மைக்கை இறக்கினார்கள். வேலையில்லாமல் நின்றவள் கையில் ஹெட்போனைக் கொடுத்தார்கள். கரைக்கு வருகிறவரை அதைத் திருப்பிக் கொடுக்கவில்லையாம். அதற்குப் பிறகு அவளுக்கு மீன்மேல் அக்கறை போய்விட்டது.

நான் ஓர் இசைக்குழுவில் டபுள் பேஸ் வாசிக்கிறேன். வயலினுக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னைவிட உயரம், நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும். எங்களுக்குக் கடைசி வரிசை. நாங்கள் வாசிப்பதை யாரும் கவனிப்பதில்லை, வாசிக்காவிட்டால்தான் கவனிப்பார்கள். அப்படியிருக்க, ஒரு கச்சேரி முடிந்ததும் ஒரு பெண் முன்வரிசை வயலின்காரர்களையெல்லாம் தாண்டி நேராக என்னிடம் வந்தாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"இதைவிடக் கீழே போகுமா உங்க வாத்தியம்?" என்று கேட்டாள்.

போகாது, இதுதான் கடைசி என்றேன். அவள் முகம் லேசாக வாடியது. யாரோடு ஒப்பிட்டு வாடியது என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் புரிந்தது.

திமிங்கலப் பாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சாப்பாட்டு மேசையில் கேட்டதுதான். ஒரு கடலில் இருக்கும் ஆண்களெல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடும். பாட்டு வருஷா வருஷம் கொஞ்சம் மாறும். ஒன்று மாற்றினால் மற்றதெல்லாம் கற்றுக்கொள்ளும். அதனால் குரலை நம்பாமல், வாலின் அடிப்பக்கத்தைப் படமெடுத்துத்தான் ஆளை அடையாளம் பிடிப்பார்கள். பாகவதரின் வாலில் ஓர் ஓரம் பிய்ந்திருக்கும். என் மனைவிக்கு அந்த வால் தேவையில்லை. பாட்டின் ஒவ்வோர் அடியும் ஒரு தாழ்ந்த முனகலில் முடியும். மற்றவை சட்டென்று முடித்துவிடும். பாகவதர் மட்டும் நிறுத்தி, எல்லாரும் வெளியே போன பிறகு கதவைச் சாத்துகிறவர் மாதிரி, தாமதமாக முடிப்பார்.

வருஷத்தில் அவர் எங்கள் கடலுக்கு வந்திருக்கும் மாதங்களில் வீட்டின் பின்னறை அவருடையது. கணினித் திரையில் அவர் குரல் தீற்றல் தீற்றலாக ஓடும். அவள் அதைப் பார்க்கமாட்டாள். கண்ணை மூடி, கன்னத்தில் கை வைத்து, மூச்சைக்கூட மெல்ல விட்டுக்கொண்டு கேட்பாள். கதவோரம் நின்று அந்த முகத்தைப் பார்த்து எனக்கு அடிவயிறு எரிந்திருக்கிறது. என் கச்சேரிகளுக்கும் வருவாள், இல்லையென்று சொல்லவில்லை. நன்றாக இருந்தது என்பாள். நடுவில் கைப்பையைத் திறந்து வீட்டுச் சாவி இருக்கிறதா என்று பார்ப்பாள். எனக்குப் பணம், புகழ் எதுவும் வேண்டாம். ஒரே ஒரு தடவை அந்த முகத்தோடு அவள் என்னைக் கேட்க வேண்டும்.

அவரிடம் இருப்பது என்னிடம் இல்லையென்றால் கற்றுக்கொண்டால் போகிறது என்று இறங்கினேன். அவள் கடலுக்குப் போயிருக்கும் பகல்களில், சுவர் வழியாகக் கேட்ட அந்த அடியை வாசித்துப் பழகினேன். என் வாத்தியத்தின் தடித்த கம்பியைத் தளர்த்தி அவர் குரலுக்கு இறக்குவேன். அவள் வருவதற்குள் பழையபடி ஏற்றிவிடுவேன். குரல் சீக்கிரம் வந்துவிட்டது. அந்தத் தாமதம்தான் பாடாய்ப் படுத்தியது. எத்தனையோ வருஷம் தாளத்தோடு முடித்துப் பழகிய கை, நிற்கச் சொன்னால் நிற்காது.

கடைசியில் நின்றது. ஆனால் நிற்கக் கூடாத இடத்தில் நின்றது. ஒத்திகையில் குழு முழுவதும் ஓர் அடியை முடித்து ஓய்ந்த பிறகு, பின்வரிசையிலிருந்து தன்னந்தனியாக ஒரு முனகல். குழுவை நடத்தும் பெரியவர் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தார்.

"எல்லாரும் என் கையைப் பார்த்து வாசிக்கிறாங்க. நீங்க யாரைப் பார்த்து வாசிக்கிறீங்க?"

வயலின்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் வாத்தியத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அதற்காவது அது உதவியது.

இந்த வருஷம் பாகவதர் வரவில்லை. மற்றவை வந்தன, புதுப்பாட்டும் வந்தது. எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம் என்பதை மறைக்கமாட்டேன். அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன், சீட்டியடித்தேன். அவள் விடாமல் கடலுக்குப் போய் வந்தாள். பின்னறையில் உட்கார்ந்தாள், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு கேட்டாள். மாதங்கள் ஓடின. திமிங்கலங்கள் திரும்பிப் போகத் தொடங்கின. படகோட்டி ஒரு நாள் மைக்கையும் கேபிளையும் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். எங்கேயாவது வலையில் மாட்டியிருக்கலாம், கப்பல் மோதியிருக்கலாம், வயசும் ஆகியிருக்கலாம் என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

அன்று மத்தியானம் நான் கச்சேரிக்குச் சாதகம் செய்துகொண்டிருந்தேன். அவள் வந்து வாசற்படியில் நின்றாள்.

"அவரை ஒரு தடவை வாசியேன்."

எதை, யாரை என்று விழித்தேன்.

"கம்பியைத் திருப்பி ஏத்தும்போது ஒரு மயிரிழை குறைச்சலாவே விட்டுட்டே. ரெண்டு வருஷமா. எனக்குக் கேக்காதா?"

கம்பியைத் தளர்த்தினேன். அவள் தரையில், வாத்தியப் பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்தாள். வில்லை வைத்து இழுத்தேன். அவள் கண்ணை மூடினாள். கை கன்னத்துக்குப் போனது. நான் ஆசைப்பட்ட அந்த முகம், என் எதிரில், என் வாத்தியத்துக்கு முன்னால். கண்ணீர் தாடைவரை வந்தும் அவள் துடைக்கவில்லை.

அடியின் முடிவு வந்தது. தாளத்தோடு முடித்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. முடித்தால் அவள் கண்ணைத் திறப்பாள். எதிரில் நான் இருப்பேன். கை அதற்குத் தயாராகவே இருந்தது. ஆனால் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வில்லை நிறுத்தினேன். அவரைவிடவும் சற்று அதிகமாகவே தாமதித்துவிட்டு, முடித்தேன்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னொரு தடவை பாடுங்க" என்றாள்.

பாடினேன்.